கோழிக்குப் பாண்தூள் சட்டை

"அப்பா, சட்டை கழண்டிட்டுது."

சின்ன மகள் இதைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் கையில் வெறும் இறைச்சித் துண்டு இருந்தது. அதன் மேலிருந்த பாண்தூள் பூச்சு, கழற்றிப்போட்ட சட்டைக் கை மாதிரிக் கோப்பையில் தனியாகக் கிடந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பூச்சுக்குச் சட்டை என்றே பெயராகிவிட்டது.

மனைவிக்கு ஞாயிறு வேலை வரும் வாரங்களில் குசினி என் பொறுப்பு. பிள்ளைகள் இரண்டு பேரும் ரவுணுக்குப் போனால் கேட்பது பொரித்த கோழிதான். அதை வீட்டிலேயே செய்து கொடுக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அன்று செய்தது இதுதான்: கோழியைக் கழுவி, உப்பும் தூளும் பிரட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் உருட்டி, நேரே கொதிக்கும் எண்ணெயில் போட்டேன். பார்க்கப் பொன்னிறமாகத்தான் இருந்தது. வாயில் வைத்தபோது சட்டை வேறு, கோழி வேறு.

அம்மா குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார். இப்போது அவருக்குக் கண் மங்கல். அடுப்பில் நடப்பது தெளிவாகத் தெரியாது. மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

"கழுவினதைத் துடைச்சனியே?"

இல்லை என்றேன்.

"ஈரத்தில ஒண்டும் நிக்காது தம்பி. கட்லெட்டுக்கு நான் செய்யிறதைப் பாத்துக்கொண்டுதானே இருந்தனி."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கட்லெட்டும் பொரித்த கோழியும் ஒரே வித்தை என்று எனக்கு அதுவரை படவில்லை. அதற்குப் பிறகு சில வருடமாக, மாதத்தில் ஒரு தடவையாவது இதைச் செய்துவருகிறேன். எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஈரம். கழுவிய கோழியின் மேலே நிற்கும் தண்ணீர் சூடான எண்ணெயில் ஆவியாகும். ஆவிக்கு வெளியே வர வழி வேண்டும். சட்டைக்கும் இறைச்சிக்கும் நடுவில் அது சிக்கினால் சட்டையைத் தள்ளித் தூக்கிவிடும். ஆகவே கழுவினால் வடிதட்டில் பத்து நிமிடம் வடியவிட்டு, பிறகு சுத்தமான பருத்தித் துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுக்கவேண்டும். தொட்டுப் பார்த்தால் விரல் வழுக்காமல் கொஞ்சம் ஒட்டவேண்டும். அந்தத் துணியை வேறு எதற்கும் பாவிக்காமல் உடனே வெந்நீரில் போட்டுவிடுங்கள்.

இறைச்சி விடயத்தில் ஊர்க்கோழி இதற்குச் சரிவராது. அதன் தசை இறுக்கம். ஐந்தாறு நிமிடப் பொரியலில் அது இளகாது. ஊர்க்கோழியைக் குழம்புக்கு விட்டுவிடுவோம், அதன் அருமை அங்கேதான். நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் புறொயிலர் கோழியின் தொடையாக வாங்கி, கடைக்காரத் தம்பியிடம் எலும்பை எடுத்துத் தரச் சொல்வேன். நெஞ்சு இறைச்சி கொஞ்சம் கூடப் பொரிந்தாலே காய்ந்து சக்கையாகிவிடும். தொடை அப்படி உடனே கோபிக்காது.

750 கிராம் இறைச்சிக்கு, தட்டையாக இரண்டு தேக்கரண்டி உப்பு, நாலைந்து பல்லு உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி யாழ்ப்பாணத்துக் கறித்தூள், அரைத் தேசிக்காயின் புளி. உள்ளியையும் இஞ்சியையும் இடித்துச் சாறாகப் பிழிந்து சேர்க்கிறேன். சக்கை சேர்ந்தால் அது பூச்சுக்கு அடியில் கட்டியாக நின்று கருகும். ஒரு மணித்தியாலம் ஊறினால் போதும். தேசிக்காய்ப்புளியில் இரவு முழுக்க விட்டால் இறைச்சியின் மேற்புறம் வெளிறிச் சோர்ந்துபோகும்.

தூளை எங்கே போடுவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கறித்தூள் இறைச்சியோடுதான் போகவேண்டும், பாண்தூளோடு கலக்கக்கூடாது. எங்கள் தூள் ஏற்கெனவே வறுத்து இடித்தது. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் ஒருதரம் தீயைப் பார்த்தாயிற்று. அது வெளிப்பூச்சில் இருந்தால் பாண்தூள் சிவக்குமுன்னே கறுத்துக் கைக்கத் தொடங்கும். உள்ளே இருந்தால் சட்டை காக்கும். கடிக்கும்போது முதலில் மொறுமொறுப்பு, அதன் பின்னால் உறைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஊறியதும் சாற்றை நன்றாக வடித்துவிட்டு, துண்டுகளை மாவில் புரட்டவேண்டும். நாலு பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு அரிசி மா. இந்த மா மெல்லிய பவுடர் மாதிரிப் படிந்தால் போதும், மிச்சத்தைத் தட்டி உதறுங்கள். மிஞ்சிய ஈரத்தை இழுப்பதும் முட்டைக்குப் பிடிமானம் கொடுப்பதும் இந்த மாவின் வேலை. முட்டை நேரே இறைச்சியில் நிற்காது, வழுகி இறங்கிவிடும். நான் அந்த ஞாயிறு விட்ட இரண்டாவது பிழை அதுதான்.

அதன் பிறகு முட்டை. இரண்டு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. வெள்ளைக் கரு நூல் நூலாக நிற்காத அளவுக்கு அடிக்கவேண்டும். சூட்டில் முட்டைப் புரதம் இறுகித் தூளைப் பிடித்துக்கொள்ளும். அதாவது முட்டைதான் பசை. பசை தடிப்பாக இருந்தால் சட்டையும் தடித்து, வெளியே சிவந்தாலும் அடியில் களி மாதிரி இருக்கும். முட்டையிலிருந்து எடுத்ததும் வடியவிட்டுப் பிறகுதான் பாண்தூள்.

இனிப் பாண்தூள். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அம்மா ஒருநாளும் பாண்தூள் பைக்கற் வாங்கியதில்லை. ஆடி, ஆவணி வெயிலில்தான் அவர் வருடத்துக்கான தூளைச் செய்துகொள்வார். சோளகக் காற்று அடிக்கிற காலம். நல்லூர்த் திருவிழாவும் அப்போதுதான் வரும். அந்த 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், இல்லை. மச்சச் சட்டிகள் கழுவிக் கவிழ்த்து ஒதுக்கப்பட்டிருக்கும். மிஞ்சிய பாணை அம்மா துண்டு துண்டாகச் சுளகில் பரப்பி, மேலே மெல்லிய துணி கட்டி, முற்றத்து வெயிலில் வைப்பார். இரண்டு நாளில் தட்டினால் ஓடு மாதிரிச் சத்தம் கேட்கும். உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, பால்மா ரின்னில் போட்டு மூடிவைப்பார். தேரும் தீர்த்தமும் முடிந்து, வைரவர் மடையும் முடிந்த பிறகு அந்த ரின் திறக்கும். முதல் கட்லெட் அன்றைக்கு. சின்ன வயதில் நல்லூர்த் திருவிழா முடிகிற கவலையை எனக்குக் கொஞ்சம் ஆற்றியது அந்த ரின்தான்.

கட்லெட்டுக்கு அந்த மணல் மாதிரியான தூள் சரி. உள்ளே இருப்பது ஏற்கெனவே வெந்தது, மேலே மெல்லிய ஓடு போதும். கோழிக்கு அது கொஞ்சம் கல்லாகிறது. பல தடவை செய்துபார்த்து நான் கண்டது, காயவைப்பதையும் தூளாக்குவதையும் முன்பின் மாற்றவேண்டும் என்பது. காயவைத்து இடித்தால் மணல். உதிர்த்துவிட்டுக் காயவைத்தால் செதில்.

ஒரு இறாத்தல் அச்சுப்பாண் வாங்கி இரண்டு நாள் வைத்திருங்கள். றோஸ்பாண் வேண்டாம், அதில் கருகிய தோல் அதிகம். தோலைச் சீவிவிட்டு, நடுப் பாணைக் கிரைண்டரில் போட்டு விட்டு விட்டு இரண்டு சுற்று, அல்லது பெரிய கண் துருவியில் துருவல். ஈரமும் இல்லாமல் காய்வும் இல்லாமல் தேங்காய்ப்பூ மாதிரி வரும். அதைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் ஒரு நாள். அந்தப் பூ அப்படியே உருவம் மாறாமல் காய்ந்துவிடும். ஒரு இறாத்தலில் எனக்கு 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே தேறும். மேலே சொன்ன 750 கிராம் கோழிக்கு அது தாராளம். செதில்களுக்கு நடுவில் வெளி இருக்கிறது. எண்ணெய் அந்த வெளிக்குள் புகுந்து ஒவ்வொரு செதிலையும் தனித்தனியே பொரிக்கிறது, உள்ளே இருந்து வரும் ஆவிக்கும் வழி கிடைக்கிறது. மொறுமொறுப்பு என்று நாம் சொல்வது அந்த இடைவெளியைத்தான்.

மாரிக்கு இது சரிவராது. கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு மழை பிடித்தால் ரின்னுக்குள் இருக்கும் தூள்கூடச் சவுத்துப்போகும். அப்போது வெறும் தாச்சியில் மெல்லிய நெருப்பில் ஐந்து நிமிடம் கிளறி, நிறம் மாறுமுன் இறக்கி ஆறவிட்டுப் பாவிக்கிறேன்.

பெரிய மகள் ஒருநாள் சுப்பர் மார்க்கெற்றில் ஒரு பைக்கற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இது நீங்கள் செய்யிற தூள் மாதிரியே இருக்கு" என்றாள். ஜப்பான் நாட்டுப் பான்கோ. மாவுக்குள் மின்சாரம் பாய்ச்சித் தோலே இல்லாமல் வேகவைக்கும் பாணில் செய்வது அது. அதனால்தான் வெள்ளை வெளேர் என்று செதில் செதிலாக இருக்கிறது. விலை எங்களுக்குக் கட்டாது, வைத்துவிட்டு வந்தோம். ஆனால் அந்தப் பெயர் என் மனதில் நின்றுவிட்டது. ஜப்பானியர் பாணுக்குச் சொல்வது பான், கோ என்றால் தூள். அந்தப் பானும் எங்கள் பாணும் ஒரே போர்த்துக்கீசச் சொல்லின் பிள்ளைகள். 1543 இல் போர்த்துக்கீசர் ஜப்பானில் இறங்கினார்கள். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லை விட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் நின்று சமைக்கும் குசினி என்ற சொல்லும் அவர்களுடையதுதான். மகளுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப பாண்தூள் எண்டாலும் பான்கோ எண்டாலும் ஒண்டுதானே" என்றாள். ஒன்றுதான். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் யாரோ ஒருவர் எங்கள் அம்மா சொல்லும் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு கோழியைப் பிரட்டுகிறார் என்பது எனக்குச் சந்தோசமாக இருக்கிறது.

சரி, தூளில் போட்ட துண்டை உருட்டவேண்டாம். மேலே தூளைக் குவித்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். ஒரு கை ஈரத்துக்கு, ஒரு கை தூளுக்கு. இரண்டையும் கலந்தால் விரல்களுக்குத்தான் சட்டை போடுவீர்கள்.

பிரட்டிய துண்டுகளை இடியப்பத் தட்டில் அடுக்கி அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைக்கிறேன். மா ஈரத்தை இழுத்து, முட்டை இறுகி, தூள் தன் இடத்தில் உட்கார இந்த நேரம் வேண்டும். பசியோடு பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது இதுதான் கடினமான பகுதி, ஆனால் விடவேண்டாம். பச்சைக் கோழியை எங்கள் வெக்கையில் மேசையில் வைத்துவிடவும் கூடாது.

அம்மா காலத்தில் இதற்கு வேறு வழி இருந்தது. 1990 இல் போரால் மின்சாரம் நின்று, பிறகு பல வருடம் வரவில்லை. பிரிட்ஜ் இருந்த வீடுகளில் அது உடுப்பு வைக்கும் அலுமாரியாகிவிட்டது. கோழி அடித்தால் அன்றே சமைக்கவேண்டும். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் அருமை. ஆகவே அம்மா கோழியை முதலில் தூள், உப்போடு கொஞ்சத் தண்ணீரில் விறகடுப்பில் வற்ற அவித்துவிடுவார். ஆறி, காற்றில் மேல் காய்ந்தபின் மா, முட்டை, பாண்தூள். உள்ளே வெந்துவிட்டதால் கொஞ்ச எண்ணெயில் சட்டையைச் சிவக்கவைத்தால் போதும். எலும்போடு கால் துண்டு செய்யும்போது இன்றைக்கும் நான் இந்த முறையைத்தான் எடுக்கிறேன். பச்சையாகப் போட்டால் எலும்பருகே வேகுமுன் வெளியே கருகிவிடும் என்ற பயம் இல்லை. இறைச்சி கொஞ்சம் காய்வது உண்மைதான். அந்த அவித்த தண்ணீரை வீசாமல் சொதிக்கு விட்டால் தனி ருசி.

எண்ணெய். தாச்சியில் இரண்டு அங்குலம் நிற்கவேண்டும். நான் தெளிந்த தேங்காயெண்ணெய் பாவிக்கிறேன். செக்கெண்ணெய் வாசமானது, ஆனால் 175 பாகை செல்சியஸை அண்டியதும் புகைக்கத் தொடங்கும், எங்களுக்குத் தேவைப்படும் சூடோ 170. வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை பாண்தூளைப் போடுங்கள். அடியில் போய்த் தங்கினால் காணாது, போட்டவுடன் கறுத்தால் கூடிவிட்டது, மேலே மிதந்து நுரைத்து மெல்லச் சிவந்தால் சரி. ஒரு தடவைக்கு மூன்று துண்டுக்கு மேல் வேண்டாம். குளிர்ந்த இறைச்சி கூடினால் எண்ணெயின் சூடு விழும், சூடு விழுந்தால் சட்டை எண்ணெயைக் குடிக்கும். 2022 இல் காஸ் வரிசையில் நின்று வாங்கிய சிலிண்டரைச் சேமிக்கிறேன் என்று எல்லாத்தையும் ஒரே தடவையில் போட்டேன். எண்ணெய் ஊறிய பாண்தான் கிடைத்தது.

போட்டதும் ஒன்றரை நிமிடத்துக்குத் தொடாதீர்கள். சட்டை இறுகவேண்டும். பிறகு ஒருதரம் திருப்பினால் போதும். ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்புள்ள எலும்பில்லாத் துண்டுக்கு மொத்தம் ஐந்து நிமிடம். உள்ளே 74 பாகை வந்தால் வெந்துவிட்டது. இல்லாவிட்டால் தடித்த துண்டை வெட்டிப் பாருங்கள், வரும் சாறு தெளிவாக இருக்கவேண்டும்.

நான் இதெல்லாம் மணிக்கூட்டைப் பார்த்துச் செய்வேன். அம்மா பார்ப்பதில்லை. கதிரையில் இருந்தபடி காதைக் கொடுப்பார். "சத்தத்தைக் கேள். இன்னும் தண்ணி கத்துது" என்பார். போட்டதும் எண்ணெய் பெருஞ்சத்தம் போடும், இறைச்சியின் ஈரம் வெளியே ஓடுகிற சத்தம். நேரம் போகப்போக அது இறங்கி, பொரபொரப்பு மெலிந்து, இடைவெளி விட்டு விட்டுக் கேட்கும். அந்த இடத்தில் "எடு" என்பார். வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் பெரும்பாலும் 75, 76 நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

எடுத்ததைக் கடதாசியில் போடாதீர்கள். அடியில் ஆவி தங்கி அந்தப் பக்கம் நனைந்துவிடும். எங்கள் வீட்டில் பிரம்பு இடியப்பத் தட்டு இருக்கிறது, அடியால் காற்றுப் போகும். அதில் ஒற்றை வரிசையாக வைத்து மூடாமல் விடுகிறேன். பச்சைத் துண்டு வைத்த தட்டு அல்ல, வேறு சுத்தமான தட்டு. பிளாஸ்ரிக் தட்டு இந்தச் சூட்டில் உருகும். அடுத்த நாளுக்கு மிஞ்சினால் வெறும் தாச்சியில் மெல்லிய நெருப்பில் இரு பக்கமும் சூடாக்கினால் பாதி மொறுமொறுப்பாவது திரும்பி வரும்.

அப்பா காலமான பிறகு அம்மா மச்சத்தை விட்டுவிட்டார். முட்டையும் இல்லை. ஆகவே நான் செய்யும் கோழியை அவர் ஒருதரமும் ருசி பார்த்ததில்லை. அவருக்கென்று மரவள்ளிக் கட்லெட்டை முதலில், புது எண்ணெயில், அவருடைய தனித் தாச்சியில் பொரித்துவிடுவேன். முட்டைக்குப் பதிலாக இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஆறு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துத் தோய்த்தால் தூள் நன்றாகவே பிடிக்கிறது. அதே செதில் தூள்தான். அதைச் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் கோழிக்குக் காது கொடுப்பார்.

போன ஞாயிறு பெரிய மகள் தானே பொரிக்கிறேன் என்று அகப்பையை வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். மூன்று துண்டு உள்ளே. சத்தம் இறங்கிக்கொண்டு வந்தது.

"எடு பிள்ளை" என்றார் அம்மா.

"இல்லை அப்பம்மா, நடுவில கிடக்கிறது இன்னும் கத்துது."

அம்மா கடிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஓம்" என்றார். "அதைக் கொஞ்சம் விடு."